மீன்கள் நலம், பவளங்கள் நலமில்லை: திருப்பூர் வீட்டுத் தொட்டி ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்குப் பார்ப்பவர் வீட்டில் நடந்தது இது. மாசியில் ஆரம்பித்து ஐப்பசி வரை இழுத்தது. கோவையிலிருந்து இதுபோன்ற கடல்நீர்த் தொட்டிகளைப் பார்த்துக் கொடுப்பவன் என்ற முறையில் சித்திரையில்தான் நான் உள்ளே வந்தேன். அதற்கு முந்தையவை தொட்டிக்காரர் சொன்னதும், அவர் கைபேசியில் எடுத்து வைத்திருந்த படங்களும்.

தொட்டி நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம், இரண்டடி உயரம். கீழே ஒரு சம்ப் (தண்ணீர் இறங்கிச் சுத்தமாகும் துணைத்தொட்டி), அதில் அழுக்கை நுரையாகப் பிரிக்கும் ஸ்கிம்மர். கல், மணல் போக மொத்தம் 270 லிட்டர் தண்ணீர் என்று கணக்கு. இரண்டு வருடம் ஓடிய, நன்றாகத் தேறிய தொட்டி. இரண்டு கிளவுன் மீன், ஒரு டாம்செல், ஒரு கோபி. பவளங்களில் ஒரு பெரிய லெதர், கொஞ்சம் ஸீனியா, பச்சை நட்சத்திர பாலிப் ஒரு விரிப்பு, மஷ்ரூம் ஒரு கொத்து, சின்னச் சின்ன பிளக்குகளில் (பவளத்துண்டு ஒட்டும் வில்லைகள்) 16 ஜோவா. துப்புரவுக்கு நத்தைகள், துறவி நண்டுகள், ஒரு கிளீனர் இறால்.

எல்லாம் மென்பவளங்கள். இதைக் குறிப்பிடக் காரணம் உண்டு. கல்போன்ற எலும்பு கட்டும் பவளங்கள் அனைத்தும், கூடவே கடல்விசிறி, கரும்பவளம், தீப்பவளம் ஆகியவையும் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. புலியும் யானையும் இருக்கிற அதே பட்டியல். குறைந்தபட்சத் தண்டனையே மூன்று வருடச் சிறை. கடைக்காரர் ‘வளர்ப்புத் துண்டுதான் சார்’ என்று எடுத்துக் கொடுத்தாலும், ராமேஸ்வரம் போன உறவினர் பையில் போட்டுக்கொண்டு வந்தாலும் சட்டத்துக்கு ஒன்றுதான். இந்தத் தொட்டிக்காரர் அதில் கவனமாக இருந்தார். கற்கள்கூட கடலில் எடுத்தவை அல்ல, செயற்கையாகச் செய்தவை.

தண்ணீர் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். கோவையின் மேற்குப் பக்கம் சிறுவாணித் தண்ணீர் வருகிறவர்களுக்கு இந்தத் தொழிலில் பாதிச் சுமை இல்லை. திருப்பூர் போர் தண்ணீர் அப்படியல்ல. உப்பும் கடினமும் ஏறிய தண்ணீர், ஆர்.ஓ. இல்லாமல் தொட்டிப்பக்கம் கொண்டுபோக முடியாது. சமையலறையில் இருந்த குடிநீர் ஆர்.ஓ. மெஷினிலிருந்தே இவர் தொட்டிக்கும் பிடித்துக்கொண்டிருந்தார். உப்புக் கலவை போட்டுப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை 25 லிட்டர் மாற்றுவார். வற்றுகிற தண்ணீருக்கு ஈடாக, உப்பில்லாத ஆர்.ஓ. தண்ணீரைத் தினமும் ஊற்றுவார்.

வற்றுவது கொஞ்சநஞ்சமல்ல. தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் மெஷின் விலை கட்டுப்படியாகாது என்று தொட்டியின் மேல் இரண்டு மின்விசிறி வைத்திருந்தார். நம் பக்கத்து வறண்ட கோடைக்கு அது நன்றாகவே வேலை செய்யும். தண்ணீர் ஆவியாகும்போது சூட்டையும் எடுத்துக்கொண்டு போவதால் இரண்டு மூன்று டிகிரி குறையும். ஆனால் நாளொன்றுக்குச் சராசரியாக 7 லிட்டர் போய்விடும். இந்த 7 லிட்டர்தான் இந்த நிகழ்வின் மையம்.

முதல் அறிகுறிகள்

பங்குனி நடுவில் நத்தைகள் கண்ணாடியிலிருந்து கழன்று மணலில் விழுந்து கிடக்க ஆரம்பித்தன. நிமிர்த்தி வைத்தாலும் ஏறவில்லை. ‘பாசி தீர்ந்துபோச்சு, பசியில போகுது’ என்று எடுத்துக்கொண்டார். அப்புறம் கிளீனர் இறால் சட்டை உரிக்கும் நேரத்தில் செத்தது. சட்டை உரிக்கையில் இறால் சாவது நடக்கக்கூடியதுதான் என்பதால் அதுவும் தனிச் சம்பவமாகவே போயிற்று. துறவி நண்டுகள் எப்போது போயின என்று அவருக்கே தெரியவில்லை. ஓடுகள்தான் கிடந்தன.

பங்குனிக் கடைசியில் ஸீனியா கை மூடித் திறக்கும் அசைவை நிறுத்தியது. சித்திரை பிறந்தபின் லெதர் பவளம் தன்மேல் பூப்போல விரியும் பாலிப்புகளை உள்ளே இழுத்துக்கொண்டு, மேலே மெழுகு பூசியது போல ஆனது.

லெதர் வளர்த்தவர்களுக்கு அந்த மெழுகுப் பூச்சு புதிதல்ல. சார்கோஃபைட்டன் இனம் அவ்வப்போது மேல்தோலை உரிக்கும். சில நாள் முதல் இரண்டு வாரம் வரை சுருங்கிக் கிடந்து, தோல் கழன்றதும் முன்னைவிட நன்றாக விரியும். ஆகவே அவர் காத்திருந்தது தவறென்று சொல்லமாட்டேன், யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். காத்திருக்கும்போதே ஒளியைக் குறைத்தார், அயோடின் சொட்டு விட ஆரம்பித்தார், பவள உணவைக் கூட்டினார். எதுவும் கேட்கவில்லை.

“அண்ணா, தோலுரிக்குதுன்னு விட்டேனுங்க. ரெண்டு வாரம் தாண்டிருச்சு, இன்னும் தலையே தூக்கலீங்க. இப்ப ஜோவாவும் மூடிக்குச்சு” என்று போன் வந்தது.

நேரில் கண்டது

மீன்கள் நான்கும் துறுதுறுவென்று இருந்தன. சாப்பாடு போட்டதும் மேலே வந்து அடித்துக்கொண்டன. மூச்சு வேகமில்லை, துடுப்பில் சிதைவில்லை. கீழே பவளங்களின் நிலை வேறு.

லெதரின் குடைவிளிம்பில், ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு ஓரிடம் கறுத்துக் குழைந்திருந்தது. விரலால் (கையுறை போட்டுத்தான்) தொட்டால் அந்த இடம் மட்டும் நசுங்கியது. கொஞ்சம் தண்ணீரோடு உறிஞ்சி வெளியே எடுத்து முகர்ந்ததில் அழுகல் நாற்றம். தோலுரிக்கும் லெதர் நாறாது, உடம்பு கெட்டியாகவே இருக்கும். ஆக, தோலுரிப்பு என்ற விளக்கம் அங்கேயே முடிந்தது.

ஜோவாக்கள் எல்லாம் மூடியிருந்தன. நாலைந்து பிளக்கில் தலைகள் சுருங்கி, அடித்தண்டு மெலிந்து, ஓரத்தலைகள் கரைந்து வெறும் பிளக் தெரிந்தது. நட்சத்திர பாலிப்பின் ஊதா விரிப்பு விளிம்பில் கல்லைவிட்டுக் கழன்று சுருண்டிருந்தது. மஷ்ரூம்கள் சுருங்கி, வாய்வழியாகப் பழுப்பு நூல்களை வெளியே தள்ளியிருந்தன. குடலிழைகள் அவை. கடுமையான எரிச்சல் இருந்தால்தான் அப்படிச் செய்யும். ஸீனியா இருந்த இடத்தில் சளி போல ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது.

நிறத்தைத் தனியாகக் குறித்துக்கொண்டேன். வெளுப்பும் திசுச் சிதைவும் இரண்டு வேறு சங்கதிகள். வெப்பம் ஏறும்போது பவளம் தன் திசுவுக்குள் வாழும் பாசியை இழக்கிறது. திசு அப்படியே இருக்கும், நிறம் மட்டும் போய் வெள்ளையாக, கண்ணாடி மாதிரி ஆகும். மன்னார் வளைகுடாவில் 2010லும் 2016லும் பெரிய அளவில் நடந்தது அதுதான். சூடு தணிந்தால் மீள வாய்ப்பு உண்டு. இந்தத் தொட்டியில் மிச்சமிருந்த திசு நிறத்தோடு இருந்தது. இல்லாமல் போனது திசு. பச்சைத் தலை பச்சையாகவே சுருங்கி, பச்சையாகவே கரைந்தது.

இன்னொன்று, இடம். விளக்குக்கு நேர் கீழே இருந்ததும் கல் நிழலில் இருந்ததும், பம்ப் முகத்தில் இருந்ததும் மூலையில் தண்ணீர் அசையாத இடத்தில் இருந்ததும் ஒரே மாதிரி கெட்டிருந்தன.

அளவுகள்: வெப்பம் 28 டிகிரி, மாலையில் 29. அமோனியா இல்லை. நைட்ரேட் 10, பாஸ்பேட் 0.08, கேஎச் (காரத்தன்மை) 8.2, கால்சியம் 410. இவையெல்லாம் வழக்கமான அளவுகளே. அவருடைய ரிஃப்ராக்டோமீட்டர் உப்பு ஆயிரத்துக்கு 35 என்று காட்டியது. அதை வெறும் ஆர்.ஓ. தண்ணீரில் பூஜ்யம் வைத்திருந்தார். 35 அளவுக் கரைசலை வைத்துச் சரிபார்த்தபோது 2 குறைவாகக் காட்டுவது தெரிந்தது. அதாவது உண்மையான உப்பு 37. கொஞ்சம் அதிகம்தான். ஆனால் மென்பவளத்தை இப்படிக் கரைக்கும் அளவுக்கு அல்ல.

சந்தேகங்களை விலக்கியது

முதலில் அவர் செய்துவந்த சொட்டு மருந்து, ஒளி மாற்றம், கூடுதல் உணவு எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னேன். நாலைந்தை ஒரே நேரத்தில் மாற்றினால், அடுத்து நடப்பது எதனால் என்று யாருக்கும் தெரியாது. தண்ணீரைச் சுத்தம் செய்யும் கரியான கார்பன் மட்டும் புதிதாகப் போட்டோம்.

இரவில் விளக்கணைத்து, டார்ச் அடித்துப் பார்த்தோம். ஜோவா தின்னும் கடல்நத்தைகளோ அவற்றின் முட்டைச்சுருளோ இல்லை. தட்டைப்புழு இல்லை. பூச்சியென்றால் ஜோவாவை மட்டும் தின்னும், லெதரையும் ஸீனியாவையும் சேர்த்துக் கெடுக்காது என்பதும் இருக்கிறது.

நோயா? பழுப்புக் குழம்பாகத் திசு வழியும் தொற்று ஒன்று உண்டு. அது ஓரிடத்தில் பிடித்துப் பக்கத்துக்குப் பரவும். இங்கே தொட்டியின் இரண்டு முனையிலும் ஒரே வாரத்தில் தொடங்கியிருக்கிறது. லெதரின் அழுகல் பின்னால் வந்து சேர்ந்த தொற்று என்றே எடுத்துக்கொண்டேன். காயம் முதலில், கிருமி அப்புறம்.

பவளச் சண்டையும் உண்டு. லெதர் வகைகள் தண்ணீரில் ரசாயனம் விட்டு அக்கம்பக்கத்தவரை ஒடுக்கும். ஆனால் இரண்டு வருடம் ஒன்றாக வாழ்ந்தவை, அதிலும் சண்டைக்காரனே பாதிக்கப்பட்டிருக்கிறான்.

கொசுவிரட்டித் திரவம் அதே அறையில் ராத்திரி முழுக்க எரிந்துகொண்டிருந்தது. அதை உடனே வேறு அறைக்கு மாற்றச் சொன்னேன். ஆனால் அதுதான் காரணமென்று நம்பவில்லை. அந்த வகைப் பூச்சிமருந்துகள் இறாலுக்கு மட்டுமல்ல, மீனுக்கும் பெரும் கேடு. மீன் துள்ளிக்கொண்டிருக்கையில் பழியை அதன்மேல் போட முடியாது.

தொட்டிக்காரரின் சொந்தச் சந்தேகம் சாயத் தண்ணீர். போரில் ஏதோ கலந்துவிட்டது என்றார். திருப்பூரில் தண்ணீரில் எந்தக் குறை வந்தாலும் முதல் பழி சாயத்துக்குத்தான். 2011ல் சென்னை உயர் நீதிமன்றம் பட்டறைகளையே மூடச்சொன்ன ஊர் இது, அவரைக் குறைசொல்ல முடியாது. ஆனால் போர் தண்ணீரில் உலோகம் இருந்தாலும் ஆர்.ஓ. ஜவ்வு அதில் பெரும்பகுதியைத் தடுத்துவிடும். ஜவ்வைத் தாண்டி வந்த தண்ணீரில் என்ன இருக்கிறது என்பதுதான் கேள்வி.

பாதிக்கப்பட்டவர்களின் பட்டியலை வரிசையாக எழுதிப் பார்த்தபோது வழி கிடைத்தது. நத்தை, இறால், நண்டு, ஸீனியா, லெதர், ஜோவா, கடைசியாக மஷ்ரூம். முதுகெலும்பில்லாதவை ஒன்று விடாமல். முதுகெலும்புள்ளவை ஒன்றுகூட இல்லை. ஒரே நாளில் அல்ல, ஒன்றரை மாதமாகக் கொஞ்சம் கொஞ்சமாக. இப்படிப் பிரித்து அடிக்கும் பொருள் என்றால் மீன் வளர்ப்பவர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது செம்பு.

மீன்களின் ஒட்டுண்ணி நோய்க்குச் செம்பையே மருந்தாகக் கொடுப்பதுண்டு. லிட்டருக்கு 0.15 முதல் 0.20 மில்லிகிராம் வரை மீன் தாங்கும். அதில் ஒரு பகுதி இருந்தாலே முதுகெலும்பில்லாதவை படுத்துவிடும். நத்தைக்கும் இறாலுக்கும் ரத்தமே செம்பை வைத்துத்தான் ஓடுகிறது. ஆனால் கரைந்த செம்பு வெளியிலிருந்து அதிகமாக வந்தால் செவுள்தான் முதலில் கெடும். பவளத்துக்கு இரட்டை அடி. அதன் திசுவையும் கெடுக்கும், உள்ளே இருக்கும் பாசியின் ஒளிச்சேர்க்கையையும் ஒடுக்கும்.

அவர் வீட்டிலேயே செம்பு டெஸ்ட் கிட் இருந்தது. போட்டுப் பார்த்தோம், பூஜ்யம். ஆனால் அந்தக் கிட்டின் அட்டையில் பூஜ்யத்துக்கு அடுத்த நிறமே 0.25. மீனுக்கு மருந்து கொடுக்கிறவர்களுக்காகச் செய்தது அது. நமக்கு வேண்டிய அளவு அதற்குத் தெரியவே தெரியாது. அந்த பூஜ்யத்தை வைத்துச் செம்பை விலக்கியிருந்தால் கதை வேறு பக்கம் போயிருக்கும்.

தொட்டிக்குள் செம்பு எங்கிருந்து? பம்பின் அச்சு, விசிறித் திருகு, சம்ப் இணைப்பு எல்லாம் பார்த்தோம். பித்தளை எங்கும் இல்லை. மருந்தும் போட்டதில்லை.

சமையலறைக் குழாய்

காப்பி கொண்டுவந்த தொட்டிக்காரரின் தாயாரிடம் வீட்டில் சமீபத்தில் ஏதாவது புதிதாக வாங்கினீர்களா, பெயின்ட் அடித்தீர்களா என்று கேட்டேன். இதுபோன்ற வீடுகளில் தொட்டிக்காரரைவிட மற்றவர்களிடம் கேட்பதே பயன் தரும். அவர் தொட்டியை மட்டும் பார்க்கிறவர்.

“தண்ணி மெசின் மாத்தினமுங்க தம்பி. பழசு ஒழுகிட்டே இருந்துச்சு. இது செம்புத் தண்ணி வர்ற மெசினுங்க. அந்தக் காலத்துல செப்புக்குடத்துல ஊத்தி வெச்சுக் குடிப்பமல்லங்க, அதே சத்தாமா.”

மாசிக் கடைசியில் வாங்கியது. தொட்டிக்காரருக்கும் தெரியும்தான், ஆனால் அவருக்கு ஆர்.ஓ. என்றால் ஆர்.ஓ. புது மெஷின் வந்ததும் டிடிஎஸ் மீட்டர் வைத்துப் பார்த்திருக்கிறார். பழையதில் 60, புதியதில் 85. குடிநீர் மெஷின் என்றால் இப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டார்.

அந்த மீட்டரால் அவருக்கு உதவ முடியாது. தண்ணீரில் கரைந்தது மொத்தம் எவ்வளவு என்று மட்டுமே அது சொல்லும், என்னவென்று சொல்லாது. அந்த 85ல் செம்பு ஒன்றுக்கும் கீழே இருந்தால் அதற்கு எப்படித் தெரியும்? இந்த வகை மெஷினில் ஜவ்வைத் தாண்டியபிறகு ஒரு உருளை இருக்கிறது. சுத்தமான தண்ணீர் அதன் வழியாகப் போகும்போது கொஞ்சம் செம்பை எடுத்துக்கொள்கிறது. ஜவ்வு தடுத்த எல்லாவற்றுக்கும் பிறகு, கடைசியில் சேர்க்கப்படுவது. மெஷினில் எந்தக் கோளாறும் இல்லை. சொன்ன வேலையைத்தான் செய்கிறது.

சாயப்பட்டறை ஊர் என்பதில் ஒரு வசதி, தண்ணீர் சோதிக்கும் ஆய்வகத்துக்கு அலையவேண்டியதில்லை. குழாய்த் தண்ணீரையும் தொட்டித் தண்ணீரையும் தனித்தனி பாட்டிலில் கொடுத்தோம். குழாய்த் தண்ணீரையே முக்கியமாகக் கேட்டேன். உப்புத் தண்ணீரில் இவ்வளவு சின்ன அளவைப் பார்ப்பது கருவிக்குத் தொல்லை, நீர்த்துப் பார்க்கவேண்டும், முடிவில் நம்பகம் குறையும். நல்ல தண்ணீரில் அந்தச் சிக்கல் இல்லை.

முடிவு: குழாயில் லிட்டருக்கு 0.18 மில்லிகிராம். தொட்டியில் 0.07.

0.18 குடிப்பதற்குக் கேடல்ல. இந்திய குடிநீர்த் தரத்தில் செம்புக்கு ஏற்கத்தக்க அளவு 0.05, வேறு வழியில்லாத இடத்தில் 1.5 வரை அனுமதி. உலகச் சுகாதார நிறுவனம் 2 வரை பரவாயில்லை என்கிறது. அம்மாவிடம் மெஷினை மாற்றச் சொல்லவேண்டிய அவசியம் இல்லை, சொல்லவும் இல்லை. ஆனால் இயற்கைக் கடல்நீரில் செம்பு 0.001க்கும் கீழே.

கணக்கு இப்படிப் போகிறது. தினம் 7 லிட்டர் என்றால் 1.26 மில்லிகிராம் செம்பு உள்ளே வருகிறது. ஆவியாகப் போகிற தண்ணீர் செம்பை எடுத்துக்கொண்டு போகாது. இரண்டு மாதத்தில் சுமார் 75 மில்லிகிராம். 270 லிட்டரில் அத்தனையும் கரைந்தே நின்றிருந்தால் 0.28 வரவேண்டும். வந்தது 0.07. அதாவது முக்கால்வாசி எங்கோ போய்விட்டது. கொஞ்சம் ஸ்கிம்மர் வழியாகவும் மாற்றிய தண்ணீரிலும் போயிருக்கும். பெரும்பகுதி கல்லிலும் மணலிலும் ஒட்டியிருக்கவேண்டும். சுண்ணாம்புத் தன்மையுள்ள கல் செம்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும், தண்ணீரில் அளவு குறைந்தால் மெல்லத் திருப்பி விடும். அடுத்து எடுத்த முடிவுகள் எல்லாம் இந்த ஒரு விஷயத்தைப் பொறுத்தவை.

எடுத்த முடிவுகள்

ஆய்வக முடிவு வருவதற்கு முன்பே குழாய்த் தண்ணீரை நிறுத்தினோம். சந்தேகம் தவறாகப் போனாலும் இழப்பு ஒன்றும் இல்லாத முடிவு அது. கோவையில் டி.ஐ. பிசின் (ஜவ்வைத் தாண்டி எஞ்சிய உப்புகளையும் பிடிக்கும் வடிகட்டி) உள்ள ஆர்.ஓ. வைத்திருக்கும் நண்பர் ஒருவரிடமிருந்து கேன்களில் தண்ணீர் வந்தது. டிடிஎஸ் பூஜ்யம்.

அடுத்தது கஷ்டமான கேள்வி. பவளங்களைத் தொட்டியிலேயே வைத்துத் தண்ணீரைச் சுத்தம் செய்வதா, அல்லது வெளியே எடுப்பதா? நொந்துபோன பவளத்தை இடம் மாற்றுவதே ஒரு அடி. வேறு காரணமாக இருந்தால் அசைக்காமல் விடு என்றுதான் சொல்லியிருப்பேன். ஆனால் கல் செம்பைக் குடித்திருக்கிறது. எத்தனை முறை தண்ணீர் மாற்றினாலும் அது திரும்ப விட்டுக்கொண்டே இருக்கும். ஆகவே எடுத்தோம்.

60 லிட்டர் பிளாஸ்டிக் தொட்டியில் புது உப்புத் தண்ணீர், ஒரு சின்னப் பம்ப், பழைய விளக்கு ஒன்று, கொஞ்சம் கார்பன். சித்திரை வெயிலில் ஹீட்டருக்கு வேலையில்லை. உப்பு அளவை முதலில் 37லேயே வைத்து, சில நாட்களில் 35க்கு இறக்கினோம். ஒரே நேரத்தில் இரண்டு மாற்றம் வேண்டாம் என்பதற்காக.

ஜோவா பிளக்குகளில் 14ஐக் கழற்ற முடிந்தது. மீதி இரண்டும் பெரிய கல்லோடு படர்ந்துவிட்டதால் அங்கேயே விட்டோம். இங்கே ஒரு எச்சரிக்கை. ஜோவாவிலும் அதன் உறவான பாலித்தோவாவிலும் பாலிடாக்சின் என்ற நஞ்சு இருக்கலாம். ஹவாயில் கிடைத்த பாலித்தோவாவிலிருந்து 1971ல் முதலில் பிரித்தெடுத்தார்கள். இயற்கையில் உள்ள மிகக் கொடிய நஞ்சுகளில் ஒன்று. கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் வெட்டவோ சுரண்டவோ கூடாது. செத்துப்போன ஜோவா ஒட்டிய கல்லைச் சுத்தம் செய்கிறேன் என்று கொதிக்க வைப்பது மிக ஆபத்து, அந்த ஆவியைச் சுவாசித்துக் குடும்பத்தோடு ஆஸ்பத்திரி போனவர்கள் பல நாட்டில் உண்டு. தொட்டிக்காரர் கேஸ் அடுப்பில் பெரிய அண்டா வைக்கலாமா என்று கேட்டார். வேண்டாம் என்று அழுத்திச் சொன்னேன்.

லெதரை வெட்டினோம். கறுத்த பகுதிக்கு வெளியே ஒரு சென்டிமீட்டர் நல்ல திசுவும் சேர்த்துப் புதுப் பிளேடால் எடுத்தாயிற்று. அழுகல் எல்லையிலேயே வெட்டினால் கண்ணுக்குத் தெரியாத பாதிப்பு உள்ளே தங்கிவிடும். மிஞ்சிய குடையை இரண்டாக்கி, வலைத்துணி சுற்றித் தனித்தனிக் கல்லில் உட்காரவைத்தோம். ஒன்று போனாலும் ஒன்று தப்பட்டும் என்று. நட்சத்திர பாலிப்பை விரிப்பாக உரித்தே எடுக்க முடிந்தது, கல்லைக் கொண்டுவரவில்லை. மஷ்ரூம் தானாகவே கழன்றிருந்தது. ஸீனியாவில் எடுக்க ஒன்றும் இல்லை.

பெரிய தொட்டியில் மீன்கள் தங்கின. மணலை முழுக்க எடுத்துவிட்டோம். செம்பை உறிஞ்சும் பிசினும் ஒரு பாலி ஃபில்டர் அட்டையும் சம்பில் போட்டோம். செம்பு பிடித்தால் அந்த அட்டை நீலமாகும். பத்து நாளில் ஓரம் நீலம் பூத்தது. ஆய்வகத் தாளைவிட அந்த நீலத்தைப் பார்த்துத்தான் தொட்டிக்காரர் சாயத்தை மறந்தார்.

பின்விளைவு

சின்னத் தொட்டியில் முதலில் திறந்தவை மஷ்ரூம்கள், மூன்றாம் நாள். அடுத்த ஒரு வாரத்துக்குள் ஜோவாக்களில் பாதி திறந்தன. பெரிய தொட்டியில் விட்டுவந்த இரண்டும் மூடியே கிடந்து, வைகாசி முடிவதற்குள் கரைந்தன. விளக்கு வேறு, பம்ப் வேறு என்று ஆட்சேபம் சொல்லலாம். ஆனாலும் ஒரே தாயிலிருந்து வெட்டிய பிளக்குகள் ஒரு பக்கம் விரிந்து மறுபக்கம் கரைந்தது, காரணத்தை உறுதிசெய்ய எனக்குப் போதுமானதாக இருந்தது.

லெதரின் இரண்டு துண்டில் ஒன்று நாலாம் நாளே நாறியது, எடுத்தெறிந்தோம். மற்றது ஆனி வரை மூடியே கிடந்தது. கெட்டியாக இருந்ததாலும் நாறாததாலும் அசைக்கவில்லை. பிறகு ஒருமுறை தோலுரித்தது. இந்த முறை உண்மையான தோலுரிப்பு. ஆடி பிறந்தபோது குடை முழுக்கப் பாலிப் வெளியே வந்திருந்தது. நட்சத்திர பாலிப் எதுவும் நடக்காதது போலப் புதுக்கல்லில் படர்ந்துகொண்டிருந்தது. 14 ஜோவாவில் 9 பிழைத்தன.

பெரிய தொட்டி மெதுவாகத்தான் தேறியது. ஆனியில் 0.03, நடுவில் ஒருமுறை பிசினை மாற்றாமல் விட்டதில் மறுபடி 0.04. கல் திருப்பி விடுகிறது என்ற கணக்குக்கு அது சான்று. ஆடியில் பாதிக் கல்லை மாற்றிப் புதியது வைத்தோம். ஆவணியில் ஆய்வகத்தின் அளவிடும் எல்லையான 0.01க்குக் கீழே வந்தது. புரட்டாசியில் நத்தைகள் விட்டோம். அவை பிழைத்து, கண்ணாடியில் ஏறி மேய்ந்தபிறகே ஐப்பசியில் பவளங்கள் ஒவ்வொன்றாகத் திரும்பின. மஷ்ரூம் முதலில், லெதர் கடைசியில்.

மாற்றியவை

தொட்டிக்கென்று தனி ஆர்.ஓ. வந்தது. தாது சேர்க்கும் உருளை எதுவும் இல்லாமல், கடைசியில் டி.ஐ. பிசினோடு. சமையலறை மெஷின் சமையலறைக்கு. டிடிஎஸ் பூஜ்யத்தைத் தாண்டி 2, 3 என்று ஏறினால் பிசினை மாற்றுவது என்று வைத்திருக்கிறார்கள். குடிநீர் மெஷின் தண்ணீரை ஊற்றும் மற்ற நண்பர்களுக்கு நான் சொல்வது, மெஷினின் வெளிப்புறத்தில் செம்பு, துத்தநாகம், தாது என்று எந்தப் பெருமை எழுதியிருந்தாலும் அந்தத் தண்ணீரைத் தொட்டிக்கு ஊற்றவேண்டாம். மேல்தட்டில் ‘ஆக்டிவ் காப்பர்’ என்று பளபளப்பாக எழுதியிருந்தும் இரண்டு மாதம் அதை ஒருவரும் தொட்டியோடு சேர்த்துப் பார்க்கவில்லை.

ரிஃப்ராக்டோமீட்டரை 35 கரைசலில் மாதம் ஒருமுறை சரிபார்க்கிறார். செத்த நத்தை, இறால் எதையும் தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதுகிறார். தனித்தனியாகப் பார்த்தால் பசி, சட்டையுரிப்பு, வயசு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு விளக்கம் கிடைத்துவிடுகிறது. ஒரே தாளில் இருந்திருந்தால் பங்குனியிலேயே கேள்வி எழுந்திருக்கும். அதே நோட்டில் வீட்டில் நடந்த மாற்றங்களும்: பெயின்ட், புது மெஷின், டேங்க் கழுவியது. அந்தப் பக்கத்தை எழுதும் பொறுப்பு அம்மாவுடையது. ஐப்பசியில் போனபோது, மாடிக் குழாய் மாற்றியதைத் தேதியோடு எழுதியிருந்தார், பக்கத்திலேயே ‘பிளாஸ்டிக்தான்’ என்று.

மாற்றி எடுத்த பழைய கற்கள் இன்னும் மொட்டைமாடியில் காய்கின்றன. காய்ந்தாலும் செம்பு போகாது. மீன் மட்டும் உள்ள தொட்டி வைத்திருக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார். இறாலும் நத்தையும் விடமாட்டேன் என்று அவர் எழுதிக்கொடுத்தால் தரலாம் என்பது தொட்டிக்காரரின் நிபந்தனை.